பூமிக்குக் கீழ நூறு வருஷத் தீ: ஜாரியாவும் ஒரு கார்பன் கணக்கும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்த அளவு அப்படியே விட்டிருக்கிறோம்.)

கே.கே. நகர்ல நம்ம வழக்கமான சின்ன அறையில இருந்துதான் பேசுறேன். நடுவுல விமானம் இறங்குற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. ஏர்போர்ட் பக்கத்துல வீடு எடுத்தா அப்படித்தான்.

போன வாரம் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு காலேஜ் மாணவி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சுருக்கமா சொல்றேன். அவங்க ஸ்கூட்டியை வீட்ல விட்டுட்டு ஆறு மாசமா பஸ்லதான் காலேஜுக்குப் போறாங்க. கார்பனைக் குறைக்கணும்னுதான். ஒரு நாள் ஒரு ரீல் பார்த்திருக்காங்க. பூமிக்கு அடியில நிலக்கரி தானா எரிஞ்சுக்கிட்டு இருக்கு, உலகத்தோட கார்பன் வெளியீட்டுல மூணு சதவீதம் அதுல இருந்துதான் வருது, இந்தியாவுல ஜாரியான்னு ஒரு ஊர் நூறு வருஷமா எரியுதுன்னு அதுல சொல்லியிருக்காங்க. அதைப் பார்த்துட்டு அவங்க கேட்டது இதுதான்: "அப்ப நான் கூட்டத்துல நின்னு பஸ்ல போறதுல என்னண்ணா அர்த்தம்?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் இதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த ரீல்ல பாதி உண்மை, பாதி தப்பு. தப்பான பாதியைச் சரி பண்ணப் போனா, கணக்கு கடைசியில நம்ம திருச்சிக்கே வந்து நிக்குது. அது எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல, இது என்ன மாதிரி தீ?

தீன்னு சொன்னதும் நமக்குக் கொழுந்துவிட்டு எரியுற படம்தான் மனசுல வரும். இது அப்படி இல்ல. தெருமுனையில கரிப்பெட்டி வெச்சு இஸ்திரி போடுற அண்ணனைப் பார்த்திருப்பீங்க. பெட்டியைத் திறந்தா மேல சாம்பல்தான் தெரியும். ஊதுனா உள்ள செக்கச்செவேல்னு கங்கு. நீறு பூத்த நெருப்புன்னு சொல்வோமே, அதுதான் இது. சுவாலை இல்லாம, கொஞ்சம் காத்தை வெச்சுக்கிட்டே மெதுவா கனன்றுக்கிட்டு இருக்கும். அந்த இஸ்திரிப் பெட்டி ஒரு ஊர் அளவு பெருசு, மண்ணுக்கு அடியில இருக்குன்னு நினைச்சுக்குங்க.

யார் பத்த வெச்சாங்க? பல நேரம் யாருமே இல்ல. நிலக்கரி காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சாதாரண வெப்பத்துலயே மெதுவா வினைபுரியும். அப்ப கொஞ்சம் சூடு வரும். நல்லா காத்தோட்டம் இருந்தா அந்தச் சூடு வெளியில போயிடும். காத்தே இல்லைன்னா வினையே நடக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிலைமை இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. வினை நடக்குற அளவுக்குக் காத்து வருது, ஆனா சூட்டை எடுத்துக்கிட்டுப் போற அளவுக்கு வரல. சூடு சேர்ந்துக்கிட்டே போகும். சூடு கூடக் கூட வினையும் வேகமாகும். ஒரு கட்டத்துல தானா பத்திக்கும். ஈர வைக்கோலைப் போர் போட்டு வெச்சா நடுவுல புழுங்கிச் சூடாகுறதைக் கிராமத்துல பார்த்திருப்பீங்க. காரணம் வேற வேறயா இருந்தாலும், சூடு வெளியேற வழியில்லாம சேர்றதுதான் ரெண்டுக்கும் பொது.

திருச்சிக்காரங்களுக்கு இன்னும் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. மேல தண்ணி அடிச்சு அணைச்சாச்சுன்னு நினைப்போம். கொஞ்ச நாள் கழிச்சு அதே மேட்டுல இருந்து மறுபடியும் புகை கிளம்பும். அந்தப் பக்கம் போறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல அணைஞ்சாலும் உள்ள கனன்றுக்கிட்டேதான் இருக்கும். நிலக்கரித் தீயோட குணமும் அச்சு அசலா இதேதான்.

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல சென்ட்ரேலியான்னு ஒரு ஊர். 1962-ல அங்க குப்பைக் கிடங்குல எரிஞ்ச தீதான் பக்கத்துல இருந்த பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க. இன்னிக்கு வரைக்கும் அணையல. ஆயிரம் பேருக்கு மேல இருந்த ஊரு. 1984-ல அந்த நாட்டு காங்கிரஸ் 4.2 கோடி டாலர் ஒதுக்கி மக்களை வேற இடத்துக்கு மாத்துச்சு. இப்ப விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆள் இருக்காங்க. ஊரோட பின்கோடையே எடுத்துட்டாங்க.

மனுஷனே இல்லாமலும் இது நடக்கும். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல ஒரு மலைக்கு அடியில ஒரு நிலக்கரிப் படுகை சுமார் 6,000 வருஷமா எரியுதுன்னு மதிப்பிடுறாங்க. வருஷத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நகர்ந்துக்கிட்டே போகுது. ஆனா ஜாரியா இந்த வகை இல்ல. ஜாரியா முழுக்க முழுக்க மனுஷன் கை பட்டது.

ஜாரியாவுல எப்படி வந்தது?

ஜாரியா, ஜார்க்கண்ட் மாநிலத்துல தன்பாத் மாவட்டத்துல இருக்கு. சுமார் 450 சதுர கிலோமீட்டர் நிலக்கரி வயல். சாதாரண நிலக்கரி இல்ல, கோக்கிங் நிலக்கரி. அதாவது இரும்புத் தாதை உருக்கி எஃகு செய்யுறதுக்கு வேணுங்கிற உயர்ந்த வகை. இந்தியாவோட முதல்தரக் கோக்கிங் நிலக்கரியோட முக்கியமான களஞ்சியமே இந்த வயல்தான்.

1890-கள்ல அங்க பெரிய அளவுல சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்காரன் காலம். ரயில் ஓடணும், எஃகு ஆலை ஓடணும். நிறைய தனியார் முதலாளிகள், ஆளுக்கொரு சுரங்கம். அந்தக் காலத்து முறை என்னன்னா, பூமிக்குள்ள அறை அறையா நிலக்கரியை வெட்டி எடுப்பாங்க. கூரை இடியாம இருக்க நடுநடுவே நிலக்கரியிலேயே தூண் விட்டுடுவாங்க. வேலை முடிஞ்சதும் காலியான இடத்துல ஆத்து மணலைக் கொண்டுவந்து நிரப்பணும். அப்பதான் மேல இருக்கிற நிலம் இறங்காது, உள்ள காத்தும் போகாது. ஆனா மணல் நிரப்புறதுக்குக் காசு ஆகும். வர்ற வரைக்கும் லாபம்னு பல பேர் நிரப்பவே இல்ல. சில பேர் அந்தத் தூணையும் சுரண்டி எடுத்தாங்க.

என்ன ஆகும்? கூரை இறங்கும். மேல நிலத்துல வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியா காத்து உள்ள போகும். உள்ள உதிர்ந்து கிடக்கிற நிலக்கரித் துண்டு, நிலக்கரித் தூள். நாம மேல பார்த்த அந்த ஆபத்தான நிலைமை தயார்.

ஜாரியாவுல முதல் தீ பதிவானது 1916-ல, பௌரா சுரங்கத்துல. இதை நான் பேசுறப்ப 110 வருஷம் ஆகப்போகுது.

1970-களோட தொடக்கத்துல சுரங்கங்களை அரசு எடுத்துக்கிச்சு. பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் உருவாச்சு. அப்ப எடுத்த கணக்குல 70 இடத்துல தீ இருந்தது, மொத்தம் 17 சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுக்கப்புறம் வந்த மாற்றமும் முக்கியம். பூமிக்குள்ள இறங்கி வெட்டுறதுக்குப் பதிலா, மேல இருந்தே பெரிய குழியா தோண்டுற திறந்தவெளிச் சுரங்கம் பெருகுச்சு. செலவு கம்மி, உற்பத்தி அதிகம். ஆனா அப்படித் தோண்டும்போது பழைய சுரங்க அறைகளோட வாய் காத்துக்குத் திறந்துக்கும். தீ பரவுனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு அங்க இருக்கிற மக்கள் ரொம்ப காலமா வாதாடுறாங்க. நிறுவனத்தோட தரப்பு என்னன்னா, எரியுற நிலக்கரியைத் தோண்டி வெளியில எடுக்கிறதுதான் தீயை ஒழிக்க உறுதியான வழி, அதுக்குத் திறந்தவெளிச் சுரங்கம் தேவை. ரெண்டுலயும் உண்மை இருக்கிறதாலதான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது.

ஏன் தண்ணி ஊத்தி அணைக்கக் கூடாது?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். மூணு சிக்கல்.

ஒண்ணு, தீ எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம். புகை வர்ற இடமும் எரியுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல. அதனாலதான் விமானத்துல இருந்தும் செயற்கைக்கோள்ல இருந்தும் நிலத்தோட வெப்பத்தைப் படம் எடுத்துத் தேடுறாங்க. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய தொலையுணர்வு மையம் இந்த வேலையை ஜாரியாவுக்குச் செஞ்சிருக்கு.

ரெண்டு, பாறை சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். தோசைக்கல் அடுப்பை அணைச்சப்புறமும் சுடுது இல்லையா? இங்க கல்லு ஒரு மலை அளவு. தீ அணைஞ்சாலும் சுத்தி இருக்கிற பாறை வருஷக்கணக்கா சூடாவே இருக்கும். எங்கயாவது ஒரு வெடிப்பு வழியா காத்து மறுபடியும் உள்ள வந்தா, திரும்பப் பத்திக்கும்.

மூணு, தண்ணியே ஆபத்து ஆகலாம். நல்லா தகதகன்னு இருக்கிற நிலக்கரி மேல நீராவி பட்டா ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உருவாகும். ரெண்டுமே எரியக்கூடிய வாயு. அடைபட்ட இடத்துல வெடிக்கவும் செய்யும்.

அதனால வேற வழிகளைப் பயன்படுத்துறாங்க. மேல மண்ணைக் கனமா போர்த்தி காத்தை அடைக்கிறது. தீக்கு முன்னாடி ஆழமா அகழி வெட்டி, பரவ நிலக்கரியே இல்லாம பண்றது. துளை போட்டு மணல் குழம்பு, சாம்பல் குழம்பு இறக்குறது. நைட்ரஜன் வாயுவை உள்ள செலுத்துறது. கடைசியா, எரியுற பகுதியையே தோண்டி எடுத்துடறது. இதெல்லாம் பயனே இல்லாம போகல. இடைப்பட்ட காலத்துல எண்ணிக்கை கொஞ்சம் கூடி 77 இடம்னு கணக்கு இருந்தது. 2021 ஆய்வுப்படி 27 இடம், பரப்பு சுமார் 1.8 சதுர கிலோமீட்டர்னு மத்திய அரசு சொல்லுது.

அந்த மூணு சதவீதம் எங்க இருந்து வந்தது?

இப்ப ரீலுக்கு வருவோம். "உலக கார்பன்ல மூணு சதவீதம்" அப்படிங்கிற எண்ணுக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. அது இந்தியா பத்தினது இல்ல, சீனா பத்தினது. சீனாவோட வடக்குப் பகுதியில, ஜின்ஜியாங், நிங்ஷியா பக்கம் நிறைய நிலக்கரித் தீ உண்டு. அந்தத் தீயால வருஷத்துக்கு 10 கோடியில இருந்து 20 கோடி டன் நிலக்கரி போகுதுன்னு ஒரு மதிப்பீடு வந்தது. அத்தனை டன்னும் எரிஞ்சா எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்னு பெருக்கிப் பார்த்தா, உலக வெளியீட்டுல ரெண்டு மூணு சதவீதம் வந்துடும். பத்திரிகைகள் அதை எடுத்துக்கிச்சு. அப்புறம் அது கைமாறிக் கைமாறி, சீனாங்கிற வார்த்தையே உதிர்ந்து போய், "நிலக்கரித் தீ மூணு சதவீதம்" ஆயிடுச்சு.

சிக்கல் எங்க இருக்குன்னா, "போகுது" அப்படிங்கிற அந்த ஒரு சொல்லுல. நிலக்கரி இழப்பு வேற, நிலக்கரி எரியுறது வேற. ஒரு இடத்துல தீ இருந்தா அதைச் சுத்தி இருக்கிற நல்ல நிலக்கரியையும் யாரும் போய் எடுக்க முடியாது. அதுவும் இழப்புக் கணக்குல சேரும். ஆனா அது எரியல. பூமிக்குள்ள பத்திரமா இருக்கு. அதுல இருந்து புகையும் வராது. பின்னாடி வந்த ஆய்வாளர்கள் ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாங்க. உண்மையில எரியுறது அந்தப் பெரிய எண்ணுல பத்துல ஒரு பங்கு அளவுதான் இருக்கும்னு சொன்னாங்க. அந்தக் கணக்குல சீனத் தீக்கள் உலக வெளியீட்டுல அரை சதவீதத்தைக்கூட எட்டாது.

இன்னொரு விஷயம். நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்குற கார்பன் கணக்குக்கு ஒரு வழிகாட்டி இருக்கு. அந்த 2006 வழிகாட்டியில கட்டுப்பாடில்லாம எரியுற நிலக்கரிக்குன்னு ஒரு தலைப்பு இருக்கு. ஆனா எப்படிக் கணக்கு போடணும்னு முறை கொடுக்கல. எண்ணவே படாத ஒரு விஷயத்துக்குத்தான் வதந்தி எண் சுலபமா ஒட்டிக்கும்.

சரி, நாமளே ஜாரியாவுக்குக் கணக்கு போடுவோம்

ஜாரியாவுல தீ தொடங்குனதுல இருந்து மொத்தம் எரிஞ்சது 3.7 கோடி டன்னுன்னு பொதுவா சொல்லப்படுது. பூமிக்குள்ள நடந்ததை யாரும் தராசுல போட்டுப் பார்க்கல, இது மதிப்பீடுதான். இதை வெச்சுக்குவோம். அந்த நிலக்கரியில சாம்பலும் நிறைய உண்டு. கார்பன் அறுபது சதவீதம்னு வெச்சா, ஒரு டன் நிலக்கரி முழுசா எரிஞ்சா சுமார் 2.2 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு டன்ல இருந்து எப்படி ரெண்டு டன் வரும்னு கேக்காதீங்க. காத்துல இருக்கிற ஆக்சிஜன் வந்து சேர்றதால எடை கூடுது.

3.7 கோடி இன்டு 2.2. சுமார் 8 கோடி டன். நூறு வருஷத்துக்கும் சேர்த்து.

இந்தியா இப்ப ஒரு வருஷத்துக்கு வெளியிடுற கார்பன் டை ஆக்சைடு சுமார் 300 கோடி டன். ஒரு நாளைக்கு வகுத்தா 80 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் மேல.

அப்ப ஜாரியாவோட நூறு வருஷத் தீ மொத்தமும், இன்னிக்கு இந்தியா பத்து நாள்ல வெளியிடுற அளவு.

இந்தக் கணக்கைப் போட்டுட்டு நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன். 3.7 கோடிங்கிறது தப்பு, உண்மையில அஞ்சு மடங்கு இருக்கும்னே வெச்சுக்குங்க. அப்பவும் ஐம்பது நாள்தான்.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலை இருக்கு. நம்மள்ல பல பேரோட அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு மாமா அங்க வேலை பார்த்தவங்க. அங்க முக்கியமா என்ன செய்யுறாங்க? பாய்லர். அனல் மின் நிலையத்துல நிலக்கரியை எரிச்சு நீராவி உண்டாக்குற கொதிகலன். இந்தியாவுல ஓடுற அனல் மின் நிலையங்கள்ல எத்தனையோ திருச்சியில செஞ்ச பாய்லர்லதான் ஓடுது.

ஒரு 500 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்குவோம். முழு வேகத்துல ஓடுனா மணிக்கு 300 டன்னுக்கு மேல நிலக்கரி சாப்பிடும். வருஷத்துல நின்னு ஓடுறதெல்லாம் கழிச்சா சுமார் 25 லட்சம் டன். 3.7 கோடியை 25 லட்சத்தால வகுங்க. பதினஞ்சு.

அதாவது ஜாரியாவுல நூறு வருஷமா எரிஞ்சதை, ஒரே ஒரு 500 மெகாவாட் பாய்லர் பதினஞ்சு வருஷத்துல எரிச்சிடும். அப்படி எத்தனை பாய்லர் இந்த நாட்டுல ஓடுதுன்னு நினைச்சுப் பாருங்க. 2024-25 நிதியாண்டுல இந்தியாவோட நிலக்கரி உற்பத்தி முதல் தடவையா 100 கோடி டன்னைத் தாண்டுச்சு. அதை நாம பெருமையான செய்தியா படிச்சோம்.

இதுல பெல் மேல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அந்த பாய்லர்ல எரியுற நெருப்புக்கு ஒரு பலன் இருக்கு. கரண்ட் வருது. இப்ப என் மைக் அதுலதான் ஓடுது. ஜாரியா தீயில யாருக்கும் ஒரு பல்பு எரியல. ஆனா வானத்துக்குக் கணக்கு ஒண்ணுதான். அவமா போன நெருப்பா, பயனுள்ள நெருப்பான்னு அது பார்க்காது.

அப்ப ஜாரியா சின்ன விஷயமா?

இல்ல. கார்பன் கணக்குல சின்னது. அங்க வாழ்றவங்களுக்கு அதுதான் எல்லாமே.

காத்து குறைவா இருக்கிற தீ கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். கூடவே கந்தக டை ஆக்சைடு, நுண்துகள். சுவர்ல வெடிப்பு, தரையில சூடு, வெடிப்புகள்ல இருந்து புகை. இதுக்கு நடுவுலதான் வீடு, கடை, கோயில், பள்ளிக்கூடம்.

2017 மே மாசம் ஜாரியாவுல ஒரு அப்பாவும் மகனும் நின்ன இடத்துலயே நிலம் உள்வாங்கி உள்ள போயிட்டாங்க. சூட்டுல மீட்க முடியல. அதுக்கு அடுத்த மாசம், ஜூன் 15-ம் தேதி, தன்பாத் சந்திரபுரா ரயில் பாதையை மூடிட்டாங்க. 34 கிலோமீட்டர். அடியில தீ, தண்டவாளம் இறங்கிடுமோன்னு பயம். எத்தனையோ ரயில்கள் சுத்துவழியில போச்சு. 2019 பிப்ரவரியிலதான் மறுபடியும் ரயில் ஓடுச்சு. ஒரு ரயில் பாதையே ஒன்றரை வருஷத்துக்கு மேல நிக்குதுன்னா, அதுக்கு மேல இருக்கிற வீட்ல தூங்குறவங்களை யோசிச்சுப் பாருங்க.

மாத்தி வைக்கலாமேன்னு தோணும். திட்டம் போட்டாங்க. 2009 ஆகஸ்ட்ல ஜாரியா மாஸ்டர் பிளான். 595 இடங்கள், 7,112 கோடி ரூபாய், பன்னெண்டு வருஷம். ஒரு லட்சத்துக்கும் மேல குடும்பங்களை மாத்தணும். சென்ட்ரேலியாவுல மாத்துனது ஆயிரம் பேரை, ஞாபகம் வெச்சுக்குங்க. பெல்காரியான்னு ஒரு இடத்துல அடுக்குமாடி வீடுகள் கட்டுனாங்க. 2021-ல திட்டத்தோட காலம் முடிஞ்சது. மாத்த வேண்டியவங்கள்ல பெரும்பாலானவங்க இன்னும் அங்கயேதான் இருந்தாங்க.

ஏன் போகல? தீ மேல இருக்கிற வீட்டை விட்டு ஒருத்தர் ஏன் போக மாட்டார்? இதுக்குப் பதில் ரொம்ப எளிமையானது. வேலை. ஜாரியாவுல ஏழைக் குடும்பங்கள் பல, நிலக்கரி பொறுக்கி வித்துத்தான் சாப்பிடுது. சைக்கிள்ல மூட்டை மூட்டையா நிலக்கரியைக் கட்டி, ஏறி ஓட்ட முடியாம தள்ளிக்கிட்டே போறவங்களோட போட்டோ நீங்க பார்த்திருப்பீங்க. புது இடத்துல சுவர் இருக்கு, கூரை இருக்கு, சம்பாத்தியம் இல்ல. நிலத்துக்குப் பட்டா இருக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி, இல்லாதவங்களுக்கு ஒரு மாதிரி. அதுலயும் நிறைய தகராறு.

2025 ஜூன்ல மத்திய அமைச்சரவை திருத்தின திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கு. 5,940 கோடி ரூபாய். இந்தத் தடவை பட்டா இருந்தாலும் இல்லாட்டியும் குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாழ்வாதார உதவி, மூணு லட்சம் வரைக்கும் கடன் வசதி, தொழில் பயிற்சின்னு சேர்த்திருக்காங்க. முதல் திட்டம் வீட்டை மட்டும் பார்த்தது, ரெண்டாவது திட்டம் பிழைப்பையும் பார்க்கணும்னு ஒத்துக்கிட்டிருக்கு. இது பலிக்குமான்னு இனிமேதான் தெரியும்.

எனக்கு இதுல உறைச்சது என்னன்னா, நாளைக்கு இந்தியா நிலக்கரியை விட்டு வெளியில வரணும்னு முடிவு பண்ணும்போது, இதே கேள்விதான் நூறு ஊர்ல எழும். நிலக்கரியை நிறுத்துங்க, சரி. அதை நம்பி இருக்கிறவங்க அடுத்து என்ன செய்வாங்க? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம ஆட்களை நகர்த்தப் பார்த்தா என்ன ஆகும்னு ஜாரியா ஏற்கனவே காட்டிடுச்சு. காலுக்குக் கீழ தீ இருந்தும் ஜனங்க நகரல.

நம்ம பக்கம் இது வருமா?

திருச்சிக்கு வராது. மலைக்கோட்டையைப் பார்த்தாலே தெரியும், நம்ம காலுக்குக் கீழ இருக்கிறது பழைய கடினப் பாறை. எரியுறதுக்கு ஒண்ணும் இல்ல.

நெய்வேலியைப் பத்திக் கேப்பீங்க. அங்க இருக்கிறது பழுப்பு நிலக்கரி. அது ஜாரியா நிலக்கரியைவிடச் சுலபமா தானா சூடேறிப் பத்திக்கக்கூடியது. அதனால வெட்டி எடுத்ததை ரொம்ப நாள் குவிச்சு வைக்காம சீக்கிரம் பயன்படுத்தணும், குவியலைக் கண்காணிக்கணும், தண்ணி தெளிக்கணும். ஆனா நெய்வேலி ஆரம்பத்துல இருந்தே திறந்தவெளிச் சுரங்கம். ஜாரியா மாதிரி வெட்டிட்டு அப்படியே விட்ட பழைய பொந்துகள் பூமிக்கு அடியில இல்ல. காத்தைப் பதுக்கி வைக்க அந்த இருட்டறை இல்லாததால அதே மாதிரி தீ அங்க வேர் பிடிக்கல.

வாய்ஸ் நோட்டுக்குப் பதில்

ஸ்ரீரங்கத்துத் தங்கச்சிக்கு இப்ப நேரா பதில் சொல்லிடுறேன்.

அந்த ரீல் உங்ககிட்ட மறைமுகமா சொன்னது இதுதான்: எங்கயோ, யாரும் கட்டுப்படுத்த முடியாத ஒரு பெரிய நெருப்பு எரியுது, அதுக்கு முன்னாடி நீ எம்மாத்திரம்? கணக்கு போட்டுப் பார்த்தா அது தலைகீழ். கட்டுப்படுத்த முடியாத நெருப்பு சின்னது. பெரிய நெருப்பு முழுக்க நம்ம கட்டுப்பாட்டுல இருக்கிறதுதான். அதுக்கு சுவிட்ச் இருக்கு, எஞ்சினியர் இருக்காங்க, டெண்டர் இருக்கு, பட்ஜெட் இருக்கு. அதை எவ்வளவு வேகமா குறைக்கிறதுன்னு முடிவு பண்றவங்களும் இருக்காங்க.

நீங்க ஒருத்தர் பஸ்ல போறதால உலகம் மாறிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்கூட்டி, ஒரு வருஷம், அது சின்ன எண்தான். ஆனா "ஜாரியா எரியுதே, அப்புறம் என்ன" அப்படிங்கிறது அதை விடுறதுக்கு ஒரு காரணமே இல்ல. கூட்டத்துல நிக்க முடியலன்னு விட்டா அது வேற, அது எனக்கும் புரியும். அப்பவும் கூடுதல் பஸ் விடச் சொல்லி ஒரு மனு எழுதுங்க. ஒரு ஆள் ஸ்கூட்டியை விடுறதைவிட அது பெரிய எண்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்ல யாராவது பாய்லர் வேலைக்காக ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் பக்கம் சைட்டுக்குப் போய் வந்திருந்தா, அவங்ககிட்ட ஜாரியா பத்திக் கேளுங்க. ராத்திரி ரயில்ல வரும்போது ஜன்னல்ல என்ன தெரிஞ்சதுன்னு கேளுங்க. அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி அனுப்புங்க. நல்லதா நாலு கிடைச்சா ஒரு எபிசோடே போட்டுடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.